வெறுமையாகத் திரும்பாத பாத்திரம்

அடுத்த வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் பாயசம் வருகிறது. அதை நம் வீட்டுப் பாத்திரத்தில் மாற்றிக்கொண்டு, வந்த கிண்ணத்தைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுக்கிறோம். ஆனால் வெறுங்கிண்ணமாகக் கொடுப்பதில்லை. ஒரு கரண்டி சர்க்கரை, இரண்டு எலுமிச்சம்பழம், ஒரு கொத்துக் கறிவேப்பிலை, வாசலில் பூத்த ஒரு கை மல்லிகை, இவற்றுள் ஏதேனும் ஒன்று அதில் இருந்தாக வேண்டும். நம் தாய்மார் இவ்வழக்கத்தை எந்தப் பள்ளியிலும் கற்றாரல்லர். தம் தாயாரைப் பார்த்துக் கற்றனர். “வெறும் பாத்திரமாகத் தரக்கூடாது” என்பதற்கு மேல் அவர்கள் விளக்கமும் சொல்வதில்லை.

விளக்கம் சொல்லப்படாவிட்டாலும் பொருள் தெளிவானதே. கொடுத்தவர் என்றும் கொடுப்பவராகவே இருந்துவிடக் கூடாது. பெற்றவர் என்றும் பெறுபவராகவே நின்றுவிடக் கூடாது. இரு வீடுகளும் சமமானவை என்பதை அந்த ஒரு கரண்டி சர்க்கரை நிலைநாட்டிவிடுகிறது.

இவ்வழக்கத்தை மனத்தில் இருத்திக்கொண்டு நம் சமையலறையைச் சற்றே எட்டிப் பார்ப்போம். அங்கிருந்து கணவருக்கும் பிள்ளைகளுக்கும், உற்றாருக்கும் நண்பருக்கும், அண்டை அயலாருக்கும் நாள்தோறும் பாத்திரங்கள் நிறைந்து வெளியே செல்கின்றன. அடுப்பின் முன் நிற்பவருக்கு அவை எவற்றைச் சுமந்துகொண்டு திரும்பி வருகின்றன? இக்கேள்வியையே இக்கட்டுரையில் எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

ஆலைகளைச் சுற்றி எழுந்த அடுப்புகள்

சென்னைக்கு மேற்கே அமைந்த அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களில் வாழும் குடும்பங்களுக்குப் பகிர்ந்துண்ணுதல் தனிப்பட்ட முறையில் வாய்த்த ஒரு கலை எனலாம். இவற்றுள் பூந்தமல்லி பழைய ஊர். அம்பத்தூரும் ஆவடியும் நெடுங்காலம் ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த சிற்றூர்களாகவே இருந்தன. 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் இரயில் பாதை திறக்கப்பட்டபோது அது ஆவடி வழியாகத்தான் சென்றது. எனினும் இவ்வூர்களின் முகத்தை முற்றிலும் மாற்றியவை நாடு விடுதலை பெற்ற பின்னர் எழுந்த ஆலைகளே. 1949-இல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள் நிறுவனம் அம்பத்தூரில் ஆலை அமைத்தது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சமதர்ம பாணிச் சமுதாயமே நாட்டின் குறிக்கோள் என்று தீர்மானம் நிறைவேற்றியது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை உருவாயிற்று. 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. இராணுவத்தினருக்குச் சீருடை தைக்கும் ஆலையும் அவ்வூரிலேயே எழுந்தது. 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வளரத் தொடங்கியது.

ஆலைக்கு ஆள் வேண்டும். ஆளுக்குச் சோறு வேண்டும். திருநெல்வேலியிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் ஆற்காட்டுச் சீமையிலிருந்தும் இளைஞர்கள் வேலை தேடி வந்தனர். கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் பலர் வந்தனர். படைத்துறைப் பணியின் பொருட்டு வடநாட்டுக் குடும்பங்களும் வந்து சேர்ந்தன. ஒரே முற்றத்தைச் சுற்றி நான்கு குடித்தனம், நான்கு வீட்டுக்கும் ஒரே அடிகுழாய் என்று வாழ்க்கை தொடங்கியது. முறைவேலைக்குச் செல்பவருக்காக விடியற்காலை நான்கு மணிக்கே அடுப்பு எரிந்தது. திருமணமாகாத இளைஞர் எவரேனும் பக்கத்து அறையில் தங்கியிருந்தால், “அந்தத் தம்பிக்கும் ஒரு பிடி” என்று அரிசி கூடுதலாக உலையில் விழுந்தது. அவருடைய சொந்த ஊர் எது, உறவு என்ன என்று எவரும் முதலில் கேட்கவில்லை. பசி தெரிந்தது, அது போதுமானதாக இருந்தது.

சுவர் தாண்டிய சுவைகள்

பல ஊர்ச் சமையலும் ஒரே முற்றத்தில் கூடியதால் விளைந்த நன்மை சொல்லி முடியாது. நெல்லைச் சீமையார் வீட்டில் தேங்காய்ப்பாலில் கொதிக்கும் சொதியின் மணம் அடுத்த வீட்டாரை அழைத்தது. தேங்காய் அரைத்து விட்ட குமரி மாவட்டத்து மீன் குழம்பு, புளியும் மிளகாயும் தூக்கலாக வைத்துப் பழகிய ஆற்காட்டாருக்கு முதலில் வியப்பாகவும் பின்னர் விருப்பமாகவும் ஆயிற்று. மலையாளக் குடும்பத்தினரின் அப்பமும் ஸ்டூவும், தெலுங்குக் குடும்பத்தினரின் யுகாதிப் பச்சடியும், இஸ்லாமியச் சகோதரர் இல்லத்து நோன்புக் கஞ்சியும் சுவர்களைத் தாண்டிப் பயணம் செய்தன. பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் நம் வீட்டுக்கு வரும். கிறிஸ்து பிறப்பு விழாவன்று நம் வீட்டு அதிரசமும் முறுக்கும் கேக்கும் தெரு முழுவதும் செல்லும். ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களிடமிருந்து கற்றுக்கொண்ட கல்கல் என்னும் இனிப்பை, வீட்டார் அனைவரும் வட்டமாக அமர்ந்து முள்கரண்டியின் முதுகில் மாவைத் தேய்த்துச் சுருட்டிய இரவுகளை நம்மில் பலர் மறந்திருக்க முடியாது.

இவ்வாறு சென்ற பாத்திரங்களோடு செய்முறையும் சென்றது. “நீங்கள் செய்த குழம்பில் என்ன போட்டீர்கள் அக்கா?” என்ற கேள்வியிலிருந்து பிறந்த நட்புகள் எத்தனை! இவ்வகையில் நம் நினைவில் நிறுத்தத்தக்கவர் சென்னையில் வாழ்ந்த எஸ். மீனாட்சி அம்மாள். இளமையிலேயே கணவரை இழந்து குடும்பப் பொறுப்பைச் சுமந்த இவ்வம்மையாரின் கைம்மணத்தை அறிந்த உறவினர் அனைவரும் செய்முறை கேட்டு வந்தனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதிக் கொடுப்பதினும் நூலாக எழுதலாமே என்று அவருடைய உறவினரான பெரியவர் கே.வி. கிருஷ்ணசாமி ஐயர் ஊக்கினார். அவ்வாறு பிறந்ததே 1951-இல் வெளிவந்த ‘சமைத்துப் பார்’ என்னும் நூல். படி, ஆழாக்கு, பலம் என்ற பழைய அளவைகள் வழங்கிய அக்காலத்தில், “கைப்பக்குவம்” என்ற ஒரே சொல்லில் மறைந்திருந்த கலையை அளவோடும் வரிசையோடும் எழுத்தில் வடித்தவர் அவர். பின்னர் வேறு பாகங்களும் வெளிவந்தன. ஆங்கிலத்திலும் பிற மொழிகளிலும் அது பெயர்க்கப்பட்டது. மணமகளுக்குச் சீர்வரிசையோடு அந்நூலை வைத்துக் கொடுப்பதும் வழக்கமாயிற்று. வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் சென்று தனியே அடுப்பு மூட்டியவர்களுக்கு அது தாயின் குரலாக ஒலித்தது.

சமையலைத் தன் உடைமையாகப் பூட்டி வைக்காமல் பிறர்க்கு வழங்கியமையால் ஒரு வீட்டுச் சமையலறை தமிழகத்தின் சமையலறையாயிற்று. அவ்வம்மையாரின் பெயரும் நிலைத்தது. ஆனால் அவரைப் போன்றே சமைத்து வழங்கி, பெயர் அறியப்படாமலே மறைந்த பெண்கள் எண்ணற்றவர் அல்லரோ?

உடன் உண்ண மறுத்த காலம்

பகிர்ந்துண்ணுதல் எக்காலத்திலும் எளிதாக இருந்ததில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். யார் சமைத்ததை யார் உண்ணலாம், யாரோடு யார் அமரலாம் என்று பிறப்பால் வரம்பு கட்டிய நாடு நம்முடையது. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் இரண்டு பிராமணச் சிறுவர்களுக்கு மட்டும் தனியே உணவளிக்கப்பட்டமை 1924, 1925 ஆண்டுகளில் தமிழகம் முழுவதையும் கொந்தளிக்கச் செய்தது. பெரியார் ஈ.வெ.ராவும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். ஒரு பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் எழுந்த கேள்வி நாட்டு அரசியலையே திசை திருப்பியது.

நம் கிறிஸ்தவ இல்லங்களும் இக்குற்றத்திலிருந்து முற்றும் நீங்கியவை அல்ல. அயல்வீட்டார் அன்போடு தந்ததை முகமலர்ச்சியோடு வாங்கி, அவர் தலை மறைந்ததும் புறக்கடையில் கொட்டிய கைகள் நம்மிடையேயும் இருந்தன. அத்தகைய வீட்டிலிருந்து பாத்திரம் நிறைந்தே திரும்பியிருக்கலாம். ஆயினும் அது வெறும் பாத்திரமே. ஆலையில் ஒரே இயந்திரத்தின் முன் நின்று, ஒரே மணியோசைக்கு எழுந்து, ஒரே மேசையில் டிபன் கேரியரைத் திறந்து உண்டவர்களிடையே இவ்வரம்பு சற்றுத் தளர்ந்தது. ஆனால் அவர்கள் வீட்டுக்குள்ளும் அது தளர்ந்ததா என்பதை ஒவ்வொருவரும் தம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மழையிரவில் ஒரு விருந்து

பூந்தமல்லியை அடுத்த குன்றத்தூர், பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர். அவர் பாடிய அடியார் வரலாறுகளுள் இளையான்குடி மாறனாருடையது விருந்தோம்பலுக்கே இலக்கணமாக விளங்குவது. செல்வம் முழுதும் இழந்து வறுமையுற்ற மாறனாரின் இல்லத்துக்கு மழை பெய்யும் நள்ளிரவில் ஒரு விருந்தினர் வருகிறார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. அன்று பகலில் வயலில் விதைத்த நெல்லை வாரிக் கொண்டுவரலாம் என்று வழி கூறுபவர் மனைவியார். காரிருளில் சென்று நனைந்த முளை நெல்லைக் கூடையில் வாரி வருபவர் கணவர். விறகு இல்லை என்றபோது வீட்டுக் கூரையின் மரத்தையே அறுத்துக் கொடுப்பவரும் அவரே. கறிக்குக் கொல்லையில் கீரையைப் பறித்து வருபவரும் அவரே. மனைவியார் அந்நெல்லை வறுத்துக் குற்றிச் சோறாக்குகிறார். கீரையைப் பலவகைக் கறியாகச் சமைக்கிறார்.

இவ்வரலாற்றைக் கேட்பவர் பெரும்பாலும் மாறனாரின் ஈகையை எண்ணி உருகுவர். அதில் நம் கண்ணைக் கவர்வது வேறொன்று. விருந்தினர் வந்ததும் திண்ணையில் அமர்ந்துகொண்டு, “அவருக்கு ஏதேனும் ஆக்கிப் போடு” என்று உள்நோக்கிக் குரல் கொடுத்தவரல்லர் அக்கணவர். மழையில் நனைந்தார், சேற்றில் இறங்கினார், விறகு அறுத்தார், கீரை பறித்தார். விருந்து இருவர் கையாலும் ஆயிற்று. திருவள்ளுவரும் விருந்தோம்பல் என்னும் அதிகாரத்தை இல்லறவியலிலேதான் வைத்தார். இல்லறம் இருவர் பொறுப்பு என்றால் விருந்தும் இருவர் பொறுப்பே.

வெள்ளம் வந்தபோது

பலர் கையாலும் விருந்து ஆகும் என்பதை நம் காலத்தில் மழை வெள்ளமே நமக்கு மெய்ப்பித்துக் காட்டியது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் பெய்த பெருமழையாலும், பூந்தமல்லியை ஒட்டிய செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து பெருகிய உபரி நீராலும் அடையாற்றங்கரை மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையும் கொரட்டூரும் நீரில் மிதந்தன. மின்சாரம் இல்லை, பால் இல்லை, கடைகள் திறக்கவில்லை. அந்நாள்களில் மேட்டுப் பாங்கான வீடுகளின் சமையலறைகள் ஊர்ப் பொதுச் சமையலறைகளாயின. ஒருவர் அரிசி கொண்டு வந்தார். ஒருவர் எரிவாயு உருளையைத் தூக்கி வந்தார். ஒருவர் பொட்டலம் கட்டினார். இளைஞர்கள் இடுப்பளவு நீரில் சுமந்து சென்றனர். ஆண்கள் வெங்காயம் அரிந்தனர். எவருக்கும் அது இழிவாகத் தோன்றவில்லை.

அவ்வேளையில் வீட்டு அளவுக்கே சமைத்துப் பழகியவர்கள் கற்றுக்கொண்ட சில செய்திகளை நம் இல்லத்தலைவியரின் பயன் கருதி இங்குக் குறிப்பிடுகிறோம். ஒரு கிலோ அரிசி வெந்தால் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று கிலோ சோறாகும். குழம்பு, கறியோடு பரிமாறினால் எட்டு முதல் பத்துப் பேருக்குப் போதும். அரிசியைப் பத்து மடங்காக்கினால் தண்ணீரையும் பத்து மடங்காக்கக் கூடாது. பெரிய பாத்திரத்தில் ஆவியாகும் நீர் விகிதத்தில் குறைவு. உப்பையும் காரத்தையும் முதலில் சற்றுக் குறைத்தே இட்டு, சுவை பார்த்த பின் கூட்டுவது நன்று.

தேங்காய் சேர்ந்த பண்டம் விரைவில் ஊசிப்போகும். புளியின் புளிப்பு கெடுதலைத் தாமதப்படுத்தும். வழிப்பயணத்துக்கு நம் முன்னோர் புளிச்சோற்றைத் தேர்ந்தது இதனாலேயே. சோற்றைச் சூட்டோடு இறுக மூடிக் கட்டிப் பல மணி நேரம் வைப்பது ஆபத்தானது. சோற்றில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் அவை பெருகி உண்டாக்கும் நச்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. ஆதலால் பெரிய தாம்பாளத்தில் சோற்றைப் பரப்பி ஆறவிட்டுக் கட்டுதலும், கட்டியதை இரண்டொரு மணி நேரத்துக்குள் உண்ணச் செய்தலும் வேண்டும். அன்போடு கொடுப்பது அவசியம்; கொடுப்பது நோய் செய்யாதிருக்க வேண்டியது அதனினும் அவசியம்.

வெள்ளம் வடிந்தது. கரண்டிகளும் பழையபடி ஒரே கைக்குத் திரும்பின.

நாம் கேட்க மறந்த கேள்வி

நாம் அம்பத்தூரில் குடியிருந்த காலத்தில் பக்கத்து வீட்டில் ஒரு பெரியம்மா இருந்தார். உறவால் அல்ல, அன்பால் பெரியம்மா. ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பும் எவரையும் அவர் வாசலோடு விட்டதில்லை. கிறிஸ்து பிறப்பு விழாவன்று அவர் வீட்டில் மூன்று பந்தி நடக்கும். முதலில் குழந்தைகள், அடுத்து ஆண்கள், பின்னர் வந்திருக்கும் பெண்கள். மூன்று பந்திக்கும் கரண்டியோடு நின்றவர் அவர் ஒருவரே. “நீங்களும் உட்காருங்கள் பெரியம்மா” என்று நாம் சொல்வதுண்டு. “நீங்க சாப்பிடுங்க தம்பி, எனக்கு என்ன அவசரம்” என்பார். நாமும் கடமை தீர்ந்ததாக எண்ணி இலையில் கண் பதிப்போம்.

ஓர் ஆண்டு, மறந்து விட்டுவந்த குடையை எடுக்க மாலை நான்கு மணியளவில் அவ்வீட்டுக்கு மீண்டும் சென்றோம். வீட்டார் உறக்கத்தில் இருந்தனர். சமையலறைத் தரையில் காலை நீட்டி அமர்ந்து பெரியம்மா உண்டுகொண்டிருந்தார். பிரியாணிச் சட்டியின் அடியில் ஒட்டிய பருக்கைகளைச் சுரண்டி எடுத்து, மீந்திருந்த இரசத்தை அதிலேயே ஊற்றிக்கொண்டிருந்தார். கறித்துண்டு ஒன்றும் இல்லை. காலை நான்கு மணிக்கு எழுந்தவர் அன்று உண்ட முதல் உணவு அது. நம்மைக் கண்டதும் பதறி எழுந்து, “காப்பி போடட்டுமா தம்பி?” என்றுதான் கேட்டார்.

குடையை எடுத்துக்கொண்டு வெளியேறினோம். ஐந்தாறு ஆண்டுகளாக அவ்வீட்டுச் சோற்றை உண்டிருந்தும், அவர் என்ன உண்கிறார், எப்போது உண்கிறார் என்று ஒரு நாளேனும் கேட்டோமா? நாம் திருப்பித் தந்த பாத்திரங்களிலெல்லாம் சர்க்கரையும் எலுமிச்சம்பழமும் இருந்தன. அவருக்கு மட்டும் நாம் வெறும் பாத்திரத்தையே நீட்டியிருந்தோம்.

அவர் நம்மைக் குறை கூறவில்லை. கூறாமையே நம்மை வருத்துகிறது.

எண்கள் சொல்லும் செய்தி

இஃது ஒரு பெரியம்மாவின் கதை அன்று. 2019-இல் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்றை நடத்தியது. சமையல் முதலிய ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அவற்றுக்குச் செலவிட்டனர் என்றும், அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களே செலவிட்டனர் என்றும் அது கண்டறிந்தது. 2024-இல் நடந்த அடுத்த ஆய்வில் பெண்களின் நேரம் 289 நிமிடங்களாயிற்று. ஆண்களின் நேரம் 88 நிமிடங்களாயிற்று. ஐந்து ஆண்டுகளில் பெண்களின் சுமை பத்து நிமிடம் குறைந்தது. ஆனால் ஆண்கள் கொடுத்த நேரமும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது. மாவரைக்கும் இயந்திரமும் குக்கரும் பெண்ணுக்கு உதவின. வீட்டு ஆண்மகன் கூடுதலாக உதவவில்லை என்பதையே இவ்வெண்கள் காட்டுகின்றன.

மற்றோர் எண்ணும் கவனிக்கத்தக்கது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53.4 பேர் இரத்தசோகை உடையவர்கள். இதற்குக் காரணங்கள் பல உண்டு. கடைசியில் உண்பது ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் கீரையும் முட்டையும் மீனும் மற்றவர் தட்டில் முடிந்த பிறகு, எஞ்சியதை உண்ணும் வழக்கம் இக்குறையைத் தீர்க்கப்போவதில்லை என்பது உறுதி. ஊருக்கெல்லாம் சோறிடும் வீட்டில் சோறிட்டவரே குருதி குன்றி நிற்கிறார் என்றால், அவ்விருந்தில் ஏதோ ஒரு குறை இருக்கிறது.

இவ்வுழைப்பின் மதிப்பை நாடு மெல்ல மெல்ல உணரத் தொடங்கியிருக்கிறது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் பொருளீட்டிச் சொத்து வாங்குவதில் வீட்டைக் காக்கும் மனைவியின் உழைப்புக்கும் பங்குண்டு என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று, தகுதியுள்ள குடும்பத் தலைவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. நீதிமன்றமும் அரசும் உணர்ந்ததை நம் சாப்பாட்டுக் கூடம் இன்னும் உணரவில்லை என்றால் அது நமக்குப் பெருமை அன்று.

பரிமாறியவரும் அமரட்டும்

“அவருக்கே பிறரை உண்ணச் செய்வதில்தான் மகிழ்ச்சி” என்று சிலர் கூறக்கூடும். உண்மைதான். தம் கையால் சமைத்ததைப் பிறர் விரும்பி உண்பதைக் காணும் இன்பத்துக்கு ஈடில்லை. அவ்வின்பத்தைப் பறிக்க நாம் சொல்லவில்லை. ஆனால் அவருடைய மகிழ்ச்சியை நம் சோம்பலுக்குத் திரையாகத் தொங்கவிடலாகாது. பெத்தானியாவில் தம் இல்லத்துக்கு வந்த ஆண்டவருக்குப் பணிவிடை செய்த மார்த்தா, வேலை முழுவதையும் தாம் ஒருவரே செய்ய நேர்ந்ததை வாய்விட்டே முறையிட்டார் என்பதை நற்செய்தியில் வாசிக்கிறோம். சமையற்காரர்களின் பாதுகாவலியாக மதிக்கப்படும் அப்புனிதையின் குரல் நம் வீட்டுச் சமையலறைகளில் வாய்க்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது.

நாம் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. குழம்பையும் சோற்றையும் மேசை நடுவிலோ பாய் நடுவிலோ வைத்துவிட்டு, அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்ள, சமைத்தவரும் உடன் அமர்ந்து உண்ணட்டும். அவர் வந்து அமரும் வரை வீட்டில் எவரும் முதற் கவளம் எடுக்க வேண்டாம். பந்தி வைக்கும் அளவுக்குக் கூட்டம் வந்தால் பரிமாறும் முறையை மாற்றிக்கொள்ளலாம். முதற் பந்தியில் உண்டவர்கள் அடுத்த பந்திக்குப் பரிமாறட்டும். சமைத்தவருக்கு உரிய பங்கை முதலிலேயே தனியே எடுத்து மூடி வைக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். பாத்திரம் துலக்குவதை உண்டவர்களே ஏற்கட்டும். விருந்தினரை அழைப்பதற்கு முன் அடுப்பின் முன் நிற்பவரைக் கேட்டு அழைப்பதும் ஒரு மரியாதையே.

ஆண்பிள்ளைகளுக்கு ஐந்து பண்டமாவது சமைக்கக் கற்றுக்கொடுங்கள். சோறு வடிக்கவும், பருப்பு வேகவைக்கவும், ஒரு பொரியல் தாளிக்கவும் தெரியாத இளைஞன் எவ்வளவு படித்திருந்தாலும் வெளியூரில் பிறர் கையை எதிர்பார்ப்பவனே. பெண்பிள்ளைகளோ, பாட்டியும் அத்தையும் கைப்பக்குவமாக வைத்திருக்கும் சமையலை அளவு கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் பெயரையும் அதன் தலைப்பில் எழுதுங்கள். மீனாட்சி அம்மாளின் உறவினர் கேட்டமையால் ஒரு நூல் பிறந்தது. நம் வீட்டில் கேட்பார் இல்லாமையால் எத்தனை சுவைகள் அடக்கம் செய்யப்பட்டனவோ!

இன்று அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் பழைய முற்றங்கள் பல மறைந்து, அடுக்குமாடி வீடுகள் எழுந்துவிட்டன. அடுத்த வீட்டுக் கதவு மூடியே இருக்கிறது. கைப்பேசியில் விரலை அழுத்தினால் வாசலுக்கு உணவு வருகிறது. அதைக் கொணர்ந்த இளைஞனின் முகத்தைக்கூட நாம் பார்ப்பதில்லை. அவனுக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுப்பதிலிருந்தேனும் பழைய வழக்கத்தை மீண்டும் தொடங்கலாம். அடுத்த ஞாயிறு ஒரு கிண்ணத்தில் எதையேனும் எடுத்துச் சென்று மூடிய கதவு ஒன்றைத் தட்டிப் பார்க்கலாம்.

அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இன்று இரவு உண்டு முடித்ததும் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் செல்லுங்கள். அங்கே நிற்பவரைப் பார்த்து, “நீங்கள் சாப்பிட்டீர்களா?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட வேண்டாம். அவரை அமரச் சொல்லி, ஒரு தட்டை எடுத்து வைத்து, உங்கள் கையால் பரிமாறுங்கள். அவர் உண்டு முடிக்கும் வரை அருகில் இருங்கள்.

நம் பெரியம்மாவுக்கு அவ்வாறு பரிமாறும் பேறு நமக்கு வாய்க்கவில்லை. அவர் மறைந்து ஆண்டுகள் பல ஆயின. உங்கள் வீட்டில் அவர் இன்னும் இருக்கிறார்.